ஒலி மின்னாகும் விந்தை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

"ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ!" இக்குரல் கேட்காத விழா நம் ஊரில் ஏது? அந்தச் சிறு கருவிக்குள் புகுந்த குரல் என்ன ஆகிறது என்பதைக் காண்போம்.

ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த மாறுபாடே என்பதை நாம் அறிவோம். அம்மாறுபாட்டை அதே வடிவில் மின் மாறுபாடாக ஆக்குவதே ஒலிவாங்கியின் பணி. கம்பியில் செல்வது ஒலியன்று, ஒலியின் மின்னுருவமே.

மேடைகளில் பெரிதும் பயன்படுவது இயங்கு சுருள் ஒலிவாங்கி. இதில் மெல்லிய சவ்வு ஒன்றும், அதனுடன் ஒட்டிய நுண்ணிய கம்பிச்சுருளும் உள்ளன. சுருளைச் சுற்றி நிலைக்காந்தத்தின் புலம். குரல் பட்டுச் சவ்வு அதிரும்போது சுருளும் அசைய, அதில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சிறிது. ஆகவேதான் பெருக்கி தேவைப்படுகிறது.

மற்றொன்று, 1916-இல் அமெரிக்காவில் இ.சி. வென்டே உருவாக்கிய மின்தேக்கி ஒலிவாங்கி. அதிரும் சவ்வு ஒரு தட்டு. அசையாத உலோகத் தகடு மறு தட்டு. மின்னூட்டம் மாறாதிருக்க, தட்டுகளின் இடைவெளி கூடினால் மின்னழுத்தம் கூடும், குறைந்தால் குறையும். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இவ்விதிதான் இங்கே குரலை மின்னாக்குகிறது. ஆனால் மின்னூட்டத்தை நிலைநிறுத்த வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் தரவேண்டும் என்பது இதன் குறை.

அக்குறையை 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவரும் நீக்கினர். நிலைக்காந்தம் காந்தத்தன்மையைக் காப்பதுபோல், மின்னூட்டத்தை நெடுங்காலம் காக்கும் மெல்லிய படலத்தைச் சவ்வாக்கினர். இதுவே எலக்ட்ரெட் ஒலிவாங்கி. உள்ளிருக்கும் டிரான்சிஸ்டருக்கு ஒரு சிறு மின்கலம் போதும். விலையும் மலிவு, டேப் ரிக்கார்டர்களிலும் தொலைபேசிகளிலும் அது இடம்பிடித்தது. இன்றைய கைபேசிகளில் அதே மின்தேக்கித் தத்துவம் சிலிக்கன் சில்லில் இயங்குகிறது.

வெஸ்ட் 1931-இல் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். நிறவெறி தலைவிரித்தாடிய காலம் அது. இயற்பியல் படித்தால் வேலை கிடைக்காது என்று அஞ்சிய பெற்றோர் மருத்துவம் படிக்கச் சொன்னார்கள். அவரோ இயற்பியலையே தேர்ந்தார்.

"பிசிக்ஸ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே அவர் வரலாறு எனக்குத் துணிவு தருகிறது. நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் மின்தேக்கியைக் கையிலெடுக்கும்போது அதை வெறும் மதிப்பெண்ணாக எண்ணாதீர்கள். உலகமே பேசும் கருவி அந்த இரு தட்டுகளுக்கிடையில்தான் பிறந்தது!