கபம் சுரக்காத கபச்சுரப்பி

பிட்யூட்டரி சுரப்பிக்குத் தமிழில் 'கபச்சுரப்பி' என்றும் பெயருண்டு. இப்பெயரைக் கேட்போர், அது சளி உண்டாகும் இடமோ என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இச்சுரப்பிக்கும் சளிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

இலத்தீனில் 'பிட்யூட்டா' என்றால் சளி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன், மூளையின் கழிவு இச்சுரப்பியின் வழியே சளியாக வடிவதாகக் கருதினார். மூளையின் அடியில், மூக்கறைக்குப் பின்புறம் மேலே, ஓர் எலும்புக் குழியில் இது அமைந்திருப்பதால் அக்கருத்து பொருத்தமாகவே தோன்றியிருக்கும். 1543இல் தம் உடற்கூற்றியல் நூலை வெளியிட்ட வெசாலியஸும் இதனைச் சளியை ஏற்கும் சுரப்பி என்றே குறித்தார். 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஷ்னைடர், மூக்குச்சளி மூக்கின் உட்சவ்விலேயே சுரக்கிறது என்று நிறுவினார். பழைய கருத்து கைவிடப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. உங்கள் அறிக்கையில் 'ஹைப்போஃபிசிஸ்' என்றிருந்தால், அதுவும் இச்சுரப்பியே. 'கீழே வளர்ந்தது' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

பட்டாணி அளவும் ஏறத்தாழ அரை கிராம் எடையும் கொண்ட இச்சுரப்பி, தைராய்டு, அட்ரீனல், இனப்பெருக்கச் சுரப்பிகளை இயக்குகிறது. உடல் வளர்ச்சி, தாய்ப்பால் சுரப்பு, சிறுநீரின் அளவு ஆகியவற்றையும் கட்டுப்படுத்துகிறது. இதில் தோன்றும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனினும், பெரிதாகும் கட்டி மேலேயுள்ள பார்வை நரம்புகளை அழுத்திப் பக்கவாட்டுப் பார்வையைக் குறைக்கலாம்.

இக்கட்டிகளைப் பெரும்பாலும் மூக்கின் வழியாகவே அகற்றுகிறோம். அதன் பின்னரே நோயாளியும் உறவினரும் மிகக் கவனமாக இருத்தல் வேண்டும். குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலோ, தொண்டைக்குள் உப்புச் சுவையுடன் நீர் இறங்கினாலோ, அதைச் சளியென்று விட்டுவிடாதீர்கள். அது மூளையைச் சூழ்ந்துள்ள நீரின் கசிவாக இருக்கலாம். கவனியாது விட்டால் மூளையுறைக்குத் தொற்று பரவக்கூடும். மூக்கைச் சிந்தாமல் உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, அடங்காத் தாகத்துடன் மிகுதியாகச் சிறுநீர் கழிதல் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். ஸ்டீராய்டு மாத்திரை தரப்பட்டிருந்தால், மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

சளிக்கும் இந்நீருக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியாவிட்டாலும் தயங்க வேண்டாம்; பரிசோதித்துச் சொல்வது எங்கள் பொறுப்பு.