மறுக்கப்பட்ட பட்டம்

நோயுற்ற மனிதன் தன் நோவு இன்ன இடத்தில், இன்ன தன்மையில் உளது என வாய்விட்டு உரைப்பான். பேச்சறியாக் குழந்தைக்காகத் தாய் உரைப்பாள். ஆனால், கொட்டிலில் தீனி தின்னாது தலை கவிழ்ந்து நிற்கும் பசு என்ன உரைக்கும்? அதன் நோயைக் கையும் கண்ணும் கொண்டே மருத்துவர் அறிதல் வேண்டும். குதிரையின் நாடியைக் கீழ்த்தாடையின் அடியிலும், பசுவின் நாடியை வாலின் அடிப்புறத்திலும், நாயின் நாடியைப் பின்தொடையின் உட்புறத்திலும் தொட்டுப் பார்ப்பர். நமக்குக் காய்ச்சல் என்று கருதப்படும் உடல்வெப்பம் நாய்க்கு இயல்பானது. ஒவ்வோர் இனத்திற்கும் ஒவ்வோர் அளவு. இவற்றையெல்லாம் கற்றுத் தேர்ந்தவரே கால்நடை மருத்துவர்.

இக்கல்வியை முறையாகக் கற்றும், கற்றவர் என்னும் பெயரைப் பெற இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தார் ஒருவர். அவர் பெயர் ஆலீன் கஸ்ட். பிரித்தானியத் தீவுகளில் பட்டம் பெற்ற முதற் பெண் கால்நடை மருத்துவர் அவரே.

ஆலீன் 1868ஆம் ஆண்டில், அயர்லாந்து நாட்டுத் திப்பரெரிக்கு அருகில் பிறந்தார். அந்நாளில் அயர்லாந்து முழுவதும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. தந்தையார் சர் லியோபோல்டு கஸ்ட் பெருநிலக்கிழார் ஒருவரின் நிலங்களை மேற்பார்த்து வந்தவர். வயலும் மேய்ச்சல் வெளியும் சூழ்ந்த அம்மனையில் குதிரைகளோடும் நாய்களோடும் வளர்ந்த சிறுமி, வருங்காலத்தில் என்னவாக விரும்புகின்றாய் என்று எவர் வினவினும், கால்நடை மருத்துவராக விரும்புகின்றேன் என்றே விடையிறுப்பாராம். கேட்டவர் நகைத்திருப்பர். ஆலீனுக்குப் பத்து வயது நடக்கும்போதே தந்தையார் காலமானார். தாயாரோ பின்னர் விக்டோரியா அரசியாரின் அணுக்கப் பணிமகளிருள் ஒருவரானார். உடன்பிறந்தாருள் ஒருவர் அரச குடும்பத்தினரிடம் பணிபுரிந்தார். இத்தகைய குடியிற் பிறந்த மகள் மாட்டுக் கொட்டிலில் சேறும் குருதியும் படிய நிற்பதா? குடும்பத்தார் உடன்படவில்லை. ஆலீன் சிறிது காலம் செவிலியர் பயிற்சி பெற்றுப் பார்த்தார். மனம் அதில் நிலைக்கவில்லை.

1894ஆம் ஆண்டில் அவர் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகருக்குச் சென்று, அங்கிருந்த புதிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். குடும்பப் பெயருக்கு இழுக்கு வந்தது என எவரும் கூறாதவாறு, கஸ்ட் என்னும் தம் பெயரைக் கஸ்டன்ஸ் என மாற்றி எழுதினார். அக்கல்லூரியைத் தோற்றுவித்த தலைவர் வில்லியம் வில்லியம்ஸ் என்பார் பரந்த நெஞ்சினர். மாணவர் ஆணா பெண்ணா என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. ஆடவர் நிறைந்த வகுப்பில் தனியொரு பெண்ணாக அமர்ந்த ஆலீன், விலங்கியலில் பொற்பதக்கம் பெற்றார்.

இடையூறு வேறோர் இடத்திலிருந்து வந்தது. கல்லூரியில் பயின்றால் மட்டும் போதாது. இலண்டனில் இருந்த அரச கால்நடை மருத்துவக் கழகம் நடத்தும் தேர்வில் தேறி, அதன் பதிவேட்டில் பெயர் ஏறுதல் வேண்டும். 1844இல் அரசு வழங்கிய பட்டயத்தால் அமைந்த கழகம் அது. பதிவேட்டில் பெயரில்லாதார் கால்நடை மருத்துவர் என்னும் பட்டப் பெயரைத் தாங்குதல் கூடாதென 1881இல் சட்டமும் இயற்றப்பட்டிருந்தது. 1897இல் ஆலீன் முதல் தேர்வு எழுத முன்வந்தபோது, பெண் என்னும் காரணத்தால் கழகத்தார் மறுத்துவிட்டனர். அவர் எடின்பரோ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கழகம் ஸ்காட்லாந்தில் நிலைகொண்டதன்று. ஆதலின் அதன்மேல் தமக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. பெண் தேர்வு எழுதலாமா கூடாதா என்ற வினா விடை காணாமலே நின்றது. வழக்கை இலண்டனுக்குக் கொண்டு சென்றிருக்கலாம். அரண்மனையில் பணிபுரிந்த தாயாருக்கு அதனால் சங்கடம் நேரும் என்று கருதியே ஆலீன் அதனைக் கைவிட்டார் என்பர். தம் கல்விக்குத் துணைநில்லாத குடும்பத்தின் பெயரைக் காக்க அவர் இவ்வாறு விட்டுக்கொடுத்தது வியப்புக்குரியது.

தேர்வுதான் மறுக்கப்பட்டது; படிப்பை எவரும் தடுக்க இயலவில்லை. 1900இல் பயிற்சி முழுவதையும் முடித்த ஆலீனுக்குத் தலைவர் வில்லியம்ஸ் தம் கையால் நற்சான்று எழுதிக் கொடுத்தார். அயர்லாந்தின் ரோஸ்காமன் மாவட்டத்தில் தொழில் நடத்திய வில்லியம் பைர்ன் என்னும் மருத்துவரிடம் ஆலீன் துணைவராக அமர்ந்தார்.

அந்நாளைய சிற்றூர்க் கால்நடை மருத்துவரின் வாழ்க்கை எளிதன்று. அழைப்பு வந்தால் மழையாயினும் பனியாயினும் புறப்பட வேண்டும். ஆலீன் குதிரைமேல் ஏறியும், சிறு குதிரைவண்டியை ஓட்டியும் ஊர் ஊராகச் சென்றார். கன்று குறுக்கே கிடந்து ஈன முடியாது தவிக்கும் பசுவிற்கு, மருத்துவர் தோள்வரை கையைச் செலுத்திக் கன்றின் காலையும் தலையையும் தடவியறிந்து, திருப்பி, கயிறு கட்டி மெல்ல இழுத்தல் வேண்டும். மங்கிய விளக்கொளியில் சில வேளை மணிக்கணக்காக நடைபெறும் வேலை அது. பிழைத்தால் தாயும் கன்றும். பிழைக்காவிடின் அவ்வேழை உழவனின் முதலே போயிற்று. இத்தகைய இரவுகளில் பதிவேட்டில் உள்ள பெயரை எந்த உழவன் கேட்டிருப்பான்?

1905இல் கால்வே மாவட்ட மன்றத்தார், கால்நடைத் தொற்றுநோய்களைக் கண்டறிந்து தடுக்கும் ஆய்வாளராக ஆலீனைத் தேர்ந்தெடுத்தனர். பதிவு பெறாதவரை அமர்த்துவது முறையன்று என இலண்டன் கழகம் எதிர்த்தது. மன்றத்தார் விட்டுக்கொடுக்கவில்லை. இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கால்நடை மருத்துவ ஆய்வாளர் என்னும் முழுப்பெயர் இன்றி, வெறும் ஆய்வாளர் என்னும் பெயரோடு ஆலீன் அதே பணியைச் செய்தார். பணி அவருடையது, பெயர் மட்டும் அவருடையதன்று! 1910இல் பைர்ன் மறைந்தபின், ஆலீன் தாமே அங்குத் தொழிலை நடத்தலானார்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. பீரங்கிகளையும் உணவு வண்டிகளையும் இழுக்க எண்ணிறந்த குதிரைகள் பிரான்சு நாட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டன. குண்டுபட்டும், சொறிநோய் கண்டும், சேற்றில் உழைத்து நலிந்தும் அவை வீழ்ந்தன. 1915இல் ஆலீன் பிரான்சு சென்று, அப்வில் நகருக்கு அருகில் தங்கி, குதிரை மருத்துவத்தில் படையினர்க்கு உதவினார். 1918இல் பெண்கள் துணைப்படையில் சேர்ந்து, கிருமி ஆய்வுக்கூடத்திலும் பணிபுரிந்தார்.

போர், பெண்களைப் பல தொழில்களில் ஈடுபடுத்தியது. அது முடிந்தபின் அவர்களை மீண்டும் வாயிலுக்கு வெளியே நிறுத்துதல் இயலாதாயிற்று. பெண் என்னும் காரணம் பற்றி எவரையும் தொழிலினின்று விலக்கலாகாது என 1919இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் செய்தது. ஆலீன் மீண்டும் கழகத்தின் கதவைத் தட்டினார். நெடுங்காலத் தொழிலறிவைக் கருதி, அவருக்கு இறுதித் தேர்வு மட்டுமே வைக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 21ஆம் நாள், கழகத் தலைவர் அவரிடம் பட்டச் சான்றினை வழங்கினார். அப்போது ஆலீனுக்கு அகவை 54. உடன்பயின்ற இளைஞர் பலர் அதற்குள் முதிய மருத்துவராயிருந்தனர்.

பட்டத்தோடு அவர் தொழில் நடத்தியது இரண்டு ஆண்டுகளே. உடல் தளர்ந்தமையால், 1924இல் அயர்லாந்தை விட்டு இங்கிலாந்தின் தென்பகுதியில் நியூ பாரஸ்ட் என்னும் காட்டுப் பகுதியில் குடியேறி, தமக்கு விருப்பமான நாய்களை வளர்த்து வந்தார். 1937இல் ஜமெய்க்காத் தீவிற்குச் சென்றிருந்தபோது, நாய் ஒன்றுக்கு மருத்துவம் செய்த சற்று நேரத்தில் நெஞ்சு நோயால் உயிர் நீத்தார் என்பர். தமக்குத் தேர்வை மறுத்த அதே கழகத்திற்கு, கால்நடை ஆராய்ச்சி உதவிக்கென 5,000 பவுன் எழுதி வைத்திருந்தார். பெண்களுக்கு முதலிடம் தருக என்பது அவர் விருப்பம்.

அவர் பயின்ற எடின்பரோக் கல்லூரி 1904இலேயே லிவர்பூல் நகருக்குப் பெயர்ந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. ஆலீன் பட்டம் பெற்ற மறு ஆண்டு, 1923இல், அந்த லிவர்பூலிலிருந்து எடித் நைட் என்னும் மாணவி தேர்வில் தேறி வெளிவந்தார். அவர் தம் பெயரை மாற்றி எழுத வேண்டியிருக்கவில்லை.