தீவுக்கு வரும் விருந்தினரும் ஊரின் தண்ணீரும்

இலத்தூரில் நடைபெற்ற விவசாயிகள் கூட்டமொன்றில் பெரியவர் ஒருவர் எழுந்து, "குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதியாவது நம்ம ஊருக்கு வர ஏற்பாடு செய்யக்கூடாதா, ஐயா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. சனீஸ்வரன் சந்நிதிக்கு வருவோர் தரிசனம் முடிந்ததும் அருவிக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். ஊருக்கு அவர்களால் வரும்படி சொற்பம். ஆயினும் விருந்தினரை அழைக்குமுன், எத்தனை பேரை ஊர் தாங்கும் என்று பார்ப்பது அவசியம். இக்கணக்கு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இடம் கடல் நடுவிலுள்ள தீவு.

அரபிக் கடலில் லட்சத்தீவுகள் 36 உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்பவை 10. மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஜனத்தொகை 64,473. தென்னையும் சூரை மீனுமே அவர்களுக்குப் பிழைப்பு. அங்கே ஆறு கிடையாது. பெய்யும் மழை பவள மணலில் இறங்கி, பாலின்மேல் ஏடு படிவது போல, உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீராக நிற்கிறது. கிணற்றில் அளவோடு இறைத்தால் நல்ல நீர் கிடைக்கும். மோட்டார் வைத்து ஓயாது இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும். கழிவுக்குழியின் அழுக்கும் அதே நீரில்தான் கலக்கும். ஆகவே, அங்கு ஒரு விடுதி எழும்பினால், விருந்தினர் குளிப்பதும் துவைப்பதும் ஊரார் குடிக்கும் அந்த ஏட்டிலிருந்தே. கவரத்தித் தீவில் கடல்நீரைக் குடிநீராக்க, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் நிலையம் 2005இல் அமைக்கப்பட்டது. ஊரார் தாகத்துக்கே இத்தனை பாடு!

இதனாற்போலும், வெளியார் அங்கே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி இருக்கிறது. குடியிருப்பு இல்லாத பங்காரம் தீவு உல்லாசப் பிரயாணிகள் தங்க ஒதுக்கப்பட்டது. அண்டையிலுள்ள மாலத்தீவிலும் 1972இல் பிரயாணத் தொழில் தொடங்கியபோது, விடுதிகளை ஆளில்லாத் தீவுகளிலேயே கட்டினர். ஊரார் வாழ்க்கைமுறைக்கு அது ஒரு வேலியாயிற்று. குப்பைக்கு வேலி ஏது? தலைநகருக்கு அருகே திலாஃபுஷி என்னுமிடத்தில் 1992 முதல் கடலைக் குப்பையால் தூர்த்து, குப்பையிலேயே ஒரு தீவு எழும்பிவிட்டது.

நம் பகுதிக்குக் கடல் எல்லை இல்லை. அதனால் அளவு கடப்பது உடனே தெரிவதில்லை. சூரியகாந்தி பூக்கும் நாளில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் கேரளத்திலிருந்தும் கார்கள் வந்து நிற்கின்றன. படம் எடுக்க இறங்குவோர் காலில் செடி மிதிபடுகிறது. சாலையோரம் இளநீர் விற்பவருக்கு லாபம். பயிர் வைத்தவருக்கு நஷ்டம். வயலில் இறங்கக் கட்டணம் கேட்கும் விவசாயியைச் சிலர் குறை கூறுகின்றனர். எனக்கு அதில் தவறு தோன்றவில்லை. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு தேய்த்துக் குளிப்பதை 2014இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடுக்க வேண்டியதாயிற்று. அந்நீரே சிற்றாறாக வயலுக்கு வருகிறது என்பதை விவசாய அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவரின் விருப்பம் நிறைவேறலாம். அதற்குமுன் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சிலவற்றை நேரில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்: கோடையில் ஊர்க் குடிநீர்க் கிணற்றில் எவ்வளவு நீர் நிற்கிறது, குளக்கரையை விட்டு விலகி வண்டிகள் நிற்க இடம் எது, கழிப்பிடம் எங்கே, சேரும் குப்பையை யார் அள்ளுவது, வண்டிக் கட்டணம் யார் கணக்கில் சேருவது. சாரல் ஜூனில் தொடங்குகிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் பேசினால் கூட்டம் வந்து போயிருக்கும். மே 1 கிராம சபையிலேயே இதைத் தீர்மானப் பொருளாக வைக்கவேண்டும்.