நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?

சாதாரண தரப் பரீட்சைக்காக நம்மில் பலர் அடையாள அட்டை எடுத்திருக்கிறோம். அதிலுள்ள 12 இலக்கங்களையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது. பெண்களானால் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2007 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த மாணவியின் இலக்கம் 2007532 என்று தொடங்கும். ஆக, அட்டையின் போட்டோப் பிரதி கிடைத்த எவருக்கும் நமது பிறந்த திகதியும் கிடைத்துவிடுகிறது. எத்தனை இடங்களில் நாம் அந்தப் பிரதியைக் கொடுத்திருக்கிறோம்!

அதனால்தான் வங்கி இவை இரண்டோடும் திருப்தியடைவதில்லை. நமக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லைக் கேட்கிறது. அது போதாதென்று, நமது கையில் இருக்கும் ஒரு பொருளையும் கேட்கிறது. அந்தப் பொருள் பெரும்பாலும் தொலைபேசி. பதிவு செய்த இலக்கத்துக்கு ஓ.டி.பி. எனும் ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வருகிறது. ஆறு இலக்கமென்றால் பத்து இலட்சம் விதமாக அமையலாம். இருந்தும் சில தடவைகள் பிழையாக அடித்தால் கணக்கைப் பூட்டிவிடுவது, கணினியை வைத்து ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பவனுக்கு வழிவிடாமல் இருக்கத்தான்.

எங்கள் வீட்டில் உம்மாவின் கணக்கு பூட்டுப்பட்டது வேறு விதமாக. உம்மா அபாயா தைத்துச் சேர்த்த பணம் அதில் இருந்தது. பழைய தொலைபேசி பழுதாகி, புதியதில் வங்கிச் செயலியைத் திறந்தபோது ஓ.டி.பி. கேட்டது. அது போனதோ நானாவின் இலக்கத்துக்கு. கணக்கை இணையத்தில் இணைத்துக் கொடுத்தவர் நானாதான். தன் இலக்கத்தையே பதிந்திருந்தார். அவர் கட்டாருக்குப் போய், இங்குள்ள சிம் நெடுநாள் ரீலோட் செய்யாமல் செத்துப் போயிருந்தது.

"என்ட கணக்குக்கு நானாட ஃபோன் என்னத்துக்கு மகள்?" என்று உம்மா கேட்டார். வீட்டில் எவரிடமும் பதில் இல்லை. பல வீடுகளில் இப்படித்தான்: கணக்கு உம்மாவின் பெயரில், இலக்கம் வாப்பாவுடையது அல்லது மகனுடையது. அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் வங்கியின் கணினிக்கு, அந்த இலக்கத்தை வைத்திருப்பவர்தான் உம்மா.

கிளைக்கு வாப்பாவும் நானும் கூடப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் பெண். நான் விளக்கத் தொடங்கியதும், "கணக்கு அம்மாட பேரில. அவதான் சொல்ல வேணும்" என்று நிறுத்திவிட்டார். வாப்பாவுக்கும் அதே பதில். கணக்கு எப்போது திறந்தது, கடைசியாக ஏறத்தாழ எவ்வளவு வைப்புச் செய்தது, தனக்குப் பின் பணம் யாருக்கென்று எழுதியிருக்கிறது, எல்லாவற்றுக்கும் உம்மாவே பதில் சொன்னார். அவருக்கு இவ்வளவும் மனப்பாடமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கையொப்பம்தான் இடறியது. கணக்குத் திறந்தபோது வைத்த ஒப்பத்துக்கும் இப்போதையதுக்கும் வித்தியாசம். மூன்று முறை வைத்துக் காட்டி, புதிய மாதிரி ஒப்பமும் கொடுத்து, தன் சொந்த இலக்கத்தைப் பதிந்துவிட்டு எழுந்தார்.

வாப்பாவுக்கு அந்தக் கெடுபிடி பிடிக்கவில்லை. என் எண்ணம் வேறு. வாப்பாவின் பேச்சைக் கேட்டுத் திறந்துவிடும் வங்கி, வேறொருவர் வந்து உரிமையோடு பேசினாலும் திறந்துவிடும் அல்லவா?

சட்டமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின்படி வாடிக்கையாளர் யாரென்று வங்கி உறுதிசெய்ய வேண்டும். தொழில், விலாசம், பணம் வரும் வழி என்று இடைக்கிடையே படிவம் நிரப்பக் கேட்பதும் இதனால்தான்.

நம் பெயர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழில் பாத்திமா ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது அடையாள அட்டையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம். முகம்மது என்ற பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணினி எழுத்தைத்தான் ஒப்பிடும், உச்சரிப்பை அல்ல. கணக்குத் திறக்கும்போதே அடையாள அட்டையிலுள்ளபடி எழுத்துக்கெழுத்து எழுதுவது நல்லது. ஏற்கனவே மாறியிருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்ற சத்தியக் கடதாசி தேவைப்படலாம்.

வங்கி நம்மைச் சோதிக்கிறது; வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரை நாம் எப்படிச் சோதிப்பது? அடையாள அட்டை இலக்கத்தைச் சரியாகச் சொன்னார் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை; அதற்கு ஒரு போட்டோப் பிரதி போதும். ஓ.டி.பி.யைக் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு நாமே எடுத்துப் பேச வேண்டும். குறுஞ்செய்தியில் வந்த இலக்கத்துக்கு அல்ல.

செத்துப்போன சிம்மின் இலக்கம் கொஞ்சக் காலத்தில் வேறொருவருக்கு விற்கப்படலாம். பிறகு வங்கிச் செய்திகள் அந்த அறியாத ஆளுக்குப் போய்ச் சேரும். நானாவின் சொந்தக் கணக்கிலும் அதே இலக்கம்தான் பதிந்திருக்கிறது. உம்மாவைப் போல அவரால் கிளைக்கு நடந்து போக முடியாது. கணக்கைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி தோஹாவிலிருந்து வங்கிக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். விடுமுறைக்கு வந்துதான் திறக்க வேண்டும்.