உறவில் எழும் அச்சமும் உளச்சிகிச்சையும்



கடைச் சரக்கில் ஐயம் தோன்றினால் நாம் என்ன செய்கிறோம்? இருப்பை எண்ணிப் பேரேட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். ஆனால், மனைவியோ மகனோ உற்ற நண்பரோ நம்மைவிட்டு விலகிவிடுவாரோ என்ற ஐயம் எழுந்தால் மட்டும், எண்ணிப் பாராமலே நட்டக் கணக்கு எழுதிவிடுகிறோம்.

கடல் கடந்து வந்த நம் முன்னோர் ஊர்க் கடிதத்திற்கு வாரக்கணக்கில் காத்திருந்தனர். இன்றோ, கைப்பேசியில் அனுப்பிய செய்திக்கு அரைமணி நேரத்தில் பதில் வராவிடில் நெஞ்சு படபடக்கிறது. "என்மீது கோபமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "இல்லை" என்னும் பதில் சற்றே ஆறுதல் தருகிறது. பின்னர் ஐயம் வட்டியோடு திரும்பி வருகிறது. கேட்கப்படுபவரோ சலித்துப் போகிறார்.

இவ்வச்சத்தின் வேர் யாது? ஆங்கில நாட்டு மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, 1969-ல் வெளியிட்ட நூலில், குழந்தைக்கும் அதனைப் பேணுவோருக்கும் இடையிலான பிணைப்பை விரிவாக ஆராய்ந்தார். அவருடன் பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த், உகாண்டாவிலும் அமெரிக்காவிலும் தாய் சேய்களைக் கவனித்து, எல்லாக் குழந்தைகளும் பிரிவை ஒரே விதமாகத் தாங்குவதில்லை எனக் கண்டார். இத்தகைய வேறுபாடு பெரியவர்களின் காதல் உறவிலும் உண்டென 1987-ல் ஹேசன், ஷேவர் என்போர் எடுத்துக்காட்டினர். இளமை மட்டுமே காரணம் அன்று. இயல்பும் பிற்கால அனுபவமும் சேர்கின்றன. எனினும், பழைய பாக்கியை இன்றைய மனிதர் பேரில் எழுதுவது முறையாகுமா?

இதற்குத் துணை செய்வதே தனிநபர் உளச்சிகிச்சை. பயிற்சி பெற்ற நிபுணரிடம், பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஏறத்தாழ ஒருமணி நேரம் நாம் தனித்துப் பேசுவோம். மற்றவர் உடன்வர வேண்டியதில்லை. ஆராயப்படுவது நம் அச்சமேயாகும். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் தவிர, பேசியது இரகசியமாகக் காக்கப்படும்.

1960-களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் வகுத்த முறையைப் பார்ப்போம். மாலை 6 மணிக்கு மனைவி தொலைபேசியை எடுக்கவில்லை, இது நடந்தது. 'என்னை வெறுத்துவிட்டாள்', இது நாம் நினைத்தது. அது பிள்ளைகளுக்குச் சோறூட்டும் நேரம். இது நினைப்புக்கு எதிரான சான்று. இவ்வாறு பிரித்தெழுதப் பழகியபின், சிறு சோதனை ஒன்று வரும்: மறுமுறை, இரண்டாம் அழைப்பைச் செய்யாமல் ஒருமணி நேரம் பொறுத்திருத்தல். அஞ்சியது நடந்ததா இல்லையா என்பதை நாமே கண்டறிவோம். ஒரே நாளில் அச்சம் தீராது. பழகப் பழகவே அதன் பிடி தளரும்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்று நாணுவோர் உண்டு. கணக்காய்வாளரை அழைப்பவரெல்லாம் திவாலானவரா?

ஒன்றை மறத்தலாகாது. வீட்டில் அடியும் மிரட்டலும் உண்மையாகவே இருப்பின், அது வீண் அச்சம் அன்று. அங்கே பாதுகாப்பே முதல் தேவை.

உறக்கமும் தொழிலும் கெடுமளவு கவலை வளர்ந்தால் குடும்ப மருத்துவரை அணுகுவோம். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலும், மலேசியாவில் அரசாங்கச் சுகாதார மருந்தகத்திலும் வழி கேட்கலாம்.

இன்றிரவு பேரேட்டை மூடுமுன், தாளொன்றில் நடுவே கோடு கிழிப்போம். இடப்பக்கம் நடந்ததை எழுதுவோம். வலப்பக்கம் அஞ்சியதை எழுதுவோம். இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்போம்.