கமலத்தைத் தாமரை என்று எழுதலாமா?

பள்ளி மலருக்காக ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி உங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எடுத்துக்கொண்டவர் அரசரும் இல்லை, கவிஞரும் இல்லை; பஞ்சாங்கம் கணித்த ஒரு பெரியவர். நூலகத்தில் அவரைப் பற்றி இரண்டு புத்தகங்களும் ஒரு பழைய நினைவு மலரும் கிடைக்கின்றன. இனி என்ன செய்வீர்கள்?

"புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் காப்பி, அங்கங்கே சொற்களை மாற்றிவிட்டால் சொந்தக் கட்டுரை." நம்மில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த நினைப்பு எவ்வளவு தூரம் சரி? பஞ்சாங்கக் கணிதத்தையே எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

பழைய காலத்துக் கணிதர்கள் எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்தார்கள். 'கடபயாதி' என்பது அந்த முறைகளுள் ஒன்று. வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் இலக்கம் உண்டு. 'க' என்றால் 1, 'ம' என்றால் 5, 'ல' என்றால் 3. சொல்லை எழுதிவிட்டு இலக்கங்களை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தால் 'கமல' என்ற சொல் 351 ஆகும். கமலம் என்றாலும் தாமரை என்றாலும் ஒன்றுதானே என்று நீங்கள் சொல்லை மாற்றிவிட்டால்? 'த'வுக்கு 6, 'ம'வுக்கு 5, 'ர'வுக்கு 2. எண் 256 ஆகிவிடும்! பூ மாறவில்லை, கணக்கு மாறிவிட்டது.

சந்திரனின் இருப்பிடத்தைச் சொல்ல 248 வாக்கியங்கள் இருந்தன. நாளுக்கு ஒரு வாக்கியம். ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அதே நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. இதை 9 ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய முழு எண்ணாக 248 நாள் வரும். 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்ற பெயர் வந்ததே இந்த வாக்கியங்களால்தான். மனப்பாடம் செய்தவர் ஒரே ஒரு சொல்லுக்கு அழகான மாற்றுச் சொல்லைப் போட்டிருந்தால் அன்றைய சந்திரன் வானத்தில் வேறெங்கோ போயிருக்கும்.

கட்டுரையிலும் இப்படி நடக்கும் என்றால் நம்புவீர்களா? ஓர் உண்மை மனிதரை வைத்துப் பார்ப்போம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வான் ஆய்வுக்கூடம் கட்டினார்கள். அதில் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1868 ஆகஸ்டு 18 ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்கு அவர்தான் தலைவர். 1872 இல் லண்டனிலுள்ள ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, அதை மக்களுக்கு விளக்கும் சிறு நூல் ஒன்றை எழுதினார். அது ஆங்கிலத்தில் மட்டுமின்றி உருது, கன்னடம் முதலிய மொழிகளிலும் வெளியாயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து மாணவர்கள் பலருக்கு உருது வீட்டு மொழி. அவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். ரகுநாதாச்சாரி 1880 இல் காலமானார்.

இவரைப் பற்றி ஒரு வாக்கியம். எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததன்று, பயிற்சிக்காக நாமே எழுதியது:

"பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்த ரகுநாதாச்சாரி, சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகப் பணியாற்றியபோது, 1867 இல் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டுபிடித்தார்."

இதைச் 'சொந்த நடையில்' மாற்றுவதாக எண்ணி ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார்:

"சோதிடம் பார்க்கும் பரம்பரையில் தோன்றிய ரகுநாதாச்சாரி, மதராஸ் நட்சத்திர பங்களாவில் துணைவராக வேலை செய்தபோது, 1867 ஆம் வருடம் ஒரு புதிய நட்சத்திரத்தைக் கண்டறிந்தார்."

ஏறக்குறைய எல்லாச் சொற்களும் மாறிவிட்டன. ஆனாலும் இது காப்பிதான். ஏனென்றால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. குடும்பம், வேலை, ஆண்டு, கண்டுபிடிப்பு என்ற அதே வரிசை, அதே கட்டு. சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்.

அதைவிட மோசமான காரியமும் நடந்துவிட்டது. 'பஞ்சாங்கம் கணிப்பவர்' என்பது 'சோதிடம் பார்ப்பவர்' ஆகிவிட்டது. கோள்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுவது கணிதம். அந்த இருப்பிடத்தை வைத்து மனிதருக்குப் பலன் சொல்வது வேறு காரியம். முன்னதைச் சரிபார்க்க முடியும். வெளியே போய் வானத்தைப் பார்த்தால் போதும். பின்னதற்கு அத்தகைய சோதனையில் தேறிய சான்று இல்லை. பழைய காலத்தில் 'ஜோதிடம்' என்ற ஒரே சொல் இரண்டையும் குறித்தது. அதனால்தான் இந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு வேலையும் நடந்திருக்கலாம், ஒன்று மட்டும் நடந்திருக்கலாம். மூலம் எதைச் சொல்கிறதோ அதைத்தான் நாம் சொல்ல முடியும்.

இன்னொரு பிழையையும் கண்டுபிடித்தீர்களா? ரகுநாதாச்சாரி புதிய விண்மீனைக் கண்டுபிடிக்கவில்லை. தென்வானத்தில் வலை விண்மீன் கூட்டத்திலுள்ள ஒரு மீனின் ஒளி நிலையாக இல்லை, மாறுகிறது என்பதையே கண்டார். அதன் ஒளி மங்கிப் பெருகித் திரும்ப ஏறக்குறைய 278 நாள் ஆகிறது என்று இன்று அறிவோம். பெருமைப்படுத்த நினைத்துப் பொய்யைச் சேர்த்தால் அவருக்கு அதனால் என்ன பெருமை?

சரி, எப்படித்தான் எழுதுவது? ஆம்பூரிலோ இராணிப்பேட்டையிலோ பேரணாம்பட்டிலோ இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ தோல் தொழிலில் இருப்பவர் ஒருவர் இருப்பார். பச்சைத்தோலுக்கு மேலே சாயம் பூசினால் அது செருப்புத் தோல் ஆகிவிடுமா என்று அவரைக் கேளுங்கள். சிரிப்பார். நான்கே நாளில் அழுகி நாறும். முதலில் ஊறவைத்து, சுண்ணாம்பில் இட்டு மயிரைப் போக்கி, சதையைச் சீவி, பிறகு பதனிட வேண்டும். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்கு உதவின. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் கொலாஜன் என்ற புரத இழைகளோடு பிணைந்துகொள்கிறது. பிணைந்தபின் நுண்ணுயிர்களால் அந்த இழைகளை எளிதில் சிதைக்க முடியாது. இப்போது பெரும்பாலும் குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடுகிறார்கள். பிணைப்பு வேறு வகை, தத்துவம் இதுவே. சாயம் ஏற்றுவது இவ்வளவுக்கும் பிறகுதான்.

சொல்லை மட்டும் மாற்றுவது பச்சைத்தோலுக்குச் சாயம் பூசுவது போன்றது. படித்தது முதலில் உள்ளே ஊற வேண்டும். ஒரு பத்தியை இரண்டு முறை படியுங்கள். புத்தகத்தை மூடிவிடுங்கள். தம்பியையோ பாட்டியையோ உட்கார வைத்து, "இதில் என்ன இருந்தது தெரியுமா?" என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம்; அங்கே மறுபடி படியுங்கள். பிறகு புத்தகத்தைத் திறக்காமலே எழுதுங்கள். எழுதி முடித்தபின் திறந்து ஆண்டு, பெயர், ஊர், எண் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். இவை பதனிடும் குழியில் போடக் கூடாதவை. 'கமல' போல அப்படியே நிற்க வேண்டியவை. இப்படி எழுதினால் மேலே சொன்ன வாக்கியம் இவ்வாறு வரக்கூடும்:

"சில விண்மீன்கள் எப்போதும் ஒரே அளவில் ஒளிர்வதில்லை. அப்படிப்பட்ட ஒன்றை 1867 இல் சென்னையில் இருந்த ஓர் உதவியாளர் கண்டார். அவர் பெயர் ரகுநாதாச்சாரி. அவருடைய வீட்டார் பஞ்சாங்கம் கணிப்பவர்கள்."

இதற்குக் கீழேயும் எந்த நூல், எந்தப் பக்கம் என்று எழுதத்தான் வேண்டும். நடை உங்களுடையது, செய்தி அவர்களுடையது. ஆங்கிலத்திலிருந்தோ உருதுவிலிருந்தோ நீங்களே மொழிபெயர்த்தாலும் இது பொருந்தும். மொழியை மாற்றியதால் செய்தி நம்முடையதாகிவிடாது. இதைப் பெரியவர்களே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்!

இன்னும் கடினமான ஒரு கட்டம் உண்டு. மூலத்தில் செய்தி மட்டுமா இருக்கும்? எழுதியவரின் அபிப்பிராயமும் கலந்திருக்கும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

ஜான் வாரன் என்பவர் இந்தியக் காலக்கணிதம் பற்றி 'கால சங்கலித' என்ற நூலை 1825 இல் சென்னையில் வெளியிட்டவர். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் அவருக்கு ஒரு கணக்கைச் செய்து காட்டினார். 1825 மே 31 இரவு நேரவிருந்த சந்திர கிரகணத்தின் கணக்கு அது. தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. ஓடுகளைத் தரையில் வைத்தும் எடுத்தும், மனப்பாடமாக வைத்திருந்த சொற்களைக் கொண்டும் கணக்கிட்டார். (ஓடுகள் என்று ஏன் எழுதினோம்? ஆங்கிலத்தில் இருப்பது சோழி, சிப்பி, கிளிஞ்சல் யாவற்றுக்கும் பொதுவான ஒரு சொல். 'சோழி' என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது நம் ஊகம்.) கணிதவியல் வரலாற்றாசிரியர் நியூகெபவர் 1952 இல் இந்த நிகழ்ச்சியை ஆராய்ந்து எழுதினார். பஞ்சாங்கக்காரரின் விடையில் கிரகணத் தொடக்கத்துக்கு 4 நிமிடம், நடுவுக்கு 23 நிமிடம், முடிவுக்கு 52 நிமிடம் பிழை இருந்தது.

இப்போது மூன்று மாணவர்கள் மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒருவர்: "அவர் கிரகணத்தைத் துல்லியமாகக் கணித்தார்." 52 நிமிடப் பிழையைத் துல்லியம் என்று சொல்லலாமா? இன்னொருவர்: "அவருக்கு வானியலே தெரியாது." வாரன் எழுதியதன் சாரம் என்னவென்றால், அந்த மனிதருக்குக் கணக்கின் பின்னுள்ள கோட்பாடு தெரியாது, ஆனால் நினைவாற்றல் மிகுதி என்பது. இது வாரனின் மதிப்பீடு. அதையும் பாதியாக வெட்டி, வாரன் பெயரையும் விட்டுவிட்டார் இரண்டாம் மாணவர். மூன்றாமவர் இப்படி எழுதினார்: "கோட்பாடு அறியாதவர் என்று வாரன் அவரைப் பற்றிக் கருதினார். ஆனாலும் எழுதாமலே அவர் செய்த கணக்கு, கிரகணத் தொடக்கத்தை 4 நிமிட வித்தியாசத்தில் சொன்னது. முடிவு நேரத்தில் வித்தியாசம் 52 நிமிடம். பிழையின் அளவைவிட, பாபிலோனிய அட்டவணைகள் வரை பின்னோக்கித் தொடரக்கூடிய ஒரு கணித மரபு 1825 இலும் உயிரோடு இருந்ததே முக்கியம் என்பது நியூகெபவரின் கருத்து." யார் எதைச் சொன்னார் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பஞ்சாங்கக்காரரும் உள்ள உயரத்தில் நிற்கிறார், கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

தமிழில் இதற்கென்றே அருமையான கருவிகள் உள்ளன. 'என்பர்', 'என்கிறார்', 'எனக் கருதினார்', 'சொன்னாராம்' என்று எழுதலாம். 'சொன்னார்' என்பதற்கும் 'சொன்னாராம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சின்னக் குழந்தையும் அறியும். கட்டுரை எழுதும்போது மட்டும் அந்த 'ஆம்' காணாமல் போய்விடுகிறது! சோதிடர் வரலாற்றில் இந்த இழப்பு பெரியது. "இன்ன தலைவர் வெற்றி பெறுவார் என்று அவர் முன்கூட்டியே சொன்னார்" என்று நினைவு மலரில் ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலரை எழுதியவர் அதை நேரில் கேட்டாரா? அந்த வாக்கு நிகழ்ச்சிக்கு முன்னே அச்சில் வந்ததா, பின்னே வந்ததா? பலிக்காமல் போனவை எத்தனை? இவை தெரியாத நிலையில் நீங்கள் எழுதக்கூடியது ஒன்றுதான்: "வெற்றியை முன்கூட்டியே சொன்னதாக நினைவு மலர் கூறுகிறது." அந்தக் 'கூறுகிறது' போய்விட்டால் மலர் சொன்ன கதை உங்கள் பெயரில் உண்மையாக அச்சாகிவிடும். அடுத்த ஆண்டு இன்னொரு மாணவர் உங்கள் கட்டுரையைச் சான்றாகக் காட்டுவார்.

ரகுநாதாச்சாரியின் கதையில் இத்தகைய இடம் ஒன்று உண்டு. அவர் வெளியிட்டது திருக்கணிதப் பஞ்சாங்கம், அதாவது கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துப்போகுமாறு திருத்திக் கணித்தது. வாக்கியமா திருக்கணிதமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஒரு கட்சியார் எழுதிய நூலை மட்டும் படித்துச் சுருக்கினால், அவர்களுடைய கோபமும் உங்கள் நடையில் வந்து உட்கார்ந்துவிடும். வசைச் சொல்லையோ புகழ்ச் சொல்லையோ எடுத்தாள வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் வைத்து, சொன்னவர் பெயரைப் போடுங்கள்.

வேலூர் வட்டாரத்து மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். அங்கே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வான் ஆய்வகத்தில் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இருக்கிறது. 1986 இல் அந்த ஆய்வகத்துக்கு வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்டது. ரகுநாதாச்சாரி வேலை பார்த்த பழைய சென்னை ஆய்வுக்கூடத்திலிருந்தே தன் மரபு தொடங்குவதாக இந்த நிறுவனம் கொள்கிறது. அங்கே போகும்போது கையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். விளக்குபவர் சொல்வதை அவருடைய வாக்கியத்தில் எழுதாதீர்கள். எண்களையும் பெயர்களையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பேருந்தில் திரும்பும்போது நினைவிலிருந்து எழுதுங்கள்.

இப்போது ஒரு பயிற்சி. வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்றையும் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றையும் எடுங்கள். ஒரே நாளுக்கான திதி முடியும் நேரத்தை இரண்டிலும் பாருங்கள். வேறுபாடு எவ்வளவு என்று குறியுங்கள். பிறகு அதைப் பற்றி நான்கு வாக்கியம் எழுதுங்கள். எந்த எண் எந்தப் பஞ்சாங்கத்திலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். எது சரி என்ற தீர்ப்பு மட்டும் அதில் வரக்கூடாது. எழுதியதை வகுப்பில் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, நீங்கள் எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.