மடித்த மூலையில் சுமைக்கு முன்பே இருக்கும் தகைவு

ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகள் தயாராகின்றன. அங்கே சாலையில் ஓடும் லாரிகளின் அடியில் பார்த்தால், எஃகுத் தகட்டை ‘ப’ போல மடித்து நீளவாக்கில் வைத்த லாங் மெம்பர்கள் தெரியும். மடித்த மூலையில் சுமை ஏறுவதற்கு முன்பே தகைவு தங்கியிருக்கிறது. கணினியில் கட்டும் ஃபைனைட் எலிமென்ட் மாதிரியில் அதைப் பூஜ்ஜியமாக விட்டால், களைப்பு ஆயுள் கணக்கு அடிப்படையிலேயே தவறும்.

முதலில் எண்ணைப் பிடியுங்கள். 8 மி.மீ. தகடு, யீல்ட் (எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) 500 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். பிரஸ் விட்டதும் தகடு சற்று விரியும். அந்த விரிவு மேற்பரப்பில் யீல்டைப்போல் ஒன்றரை மடங்கைக் கழித்துவிடும். அதனால் மடிக்கும்போது இழுபட்ட வெளிப்புறம் கடைசியில் 250 அமுக்கத்திலும், நசுங்கிய உட்புறம் 250 இழுவையிலும் நிற்கும். விரிசலை உட்புறத்தில் தேடுங்கள். நடுத்தளத்தை ஒட்டி வெளிப்பக்கம் 500 இழுவை, உட்பக்கம் 500 அமுக்கம். எஃகு கடினமாவதைச் சேர்க்காத கணக்கு இது. தொடங்க இது போதும்.

நடுத்தளத்தில் இழுவையிலிருந்து அமுக்கத்துக்குப் போகும் இந்தத் தாவலை, தகட்டைப் பரப்பாகக் காட்டும் ஷெல் எலிமென்டின் வழக்கமான 5 தொகையீட்டுப் புள்ளிகள் பிடிக்காது. தடிமன் வழியே 11 புள்ளிகளாவது வையுங்கள்.

அடுத்தது அச்சு. அதிகம் சறுக்குவது இங்கேதான். அபாகஸ் மென்பொருளில் ஷெல்லின் முதல் அச்சு, பொது எக்ஸ் அச்சு பரப்பின்மேல் விழும் திசை. எக்ஸ் வண்டியின் நீளவாக்கில் இருந்தால், லாங் மெம்பரில் முதல் அச்சும் நீளவாக்கில் போகும். மடிப்புத் தகைவை இரண்டாம் அச்சில் கொடுக்க வேண்டும். லாங் மெம்பர்களை இணைக்கும் கிராஸ் மெம்பர் குறுக்கே கிடப்பதால், அதே தகைவு அங்கே முதல் அச்சுக்கு மாறும். ஒரே தொடக்கத் தகைவு அட்டவணையை இரண்டுக்கும் ஒட்டாதீர்கள். எல்எஸ்-டைனா மென்பொருளில் ஷெல்லின் தொடக்கத் தகைவைப் பொது அச்சுகளிலேயே எழுத வேண்டும்.

ஷெல் பரப்புக்குச் செங்குத்தான திசையையும் பாருங்கள். கணுக்களின் வரிசை தலைகீழானால் உட்புறமும் வெளிப்புறமும் இடம் மாறும், இழுவை அமுக்கமாகிவிடும். அச்சு அம்புகளைத் திரையில் வரைந்து பார்க்காமல் ரன் கொடுக்கவே கூடாது என்பது என் பிடிவாதம்.

கடைசியாக, சுமையே இல்லாமல் ஒரு நிலைப் (ஸ்டாட்டிக்) படியை ஓட்டுங்கள். மூலையின் கோணம் கண்ணுக்குத் தெரிய விரிந்தாலோ, நீங்கள் கொடுத்த 250 வெகுவாகக் குறைந்தாலோ, தகைவு சமநிலையில் இல்லை, அட்டவணைக்கே திரும்புங்கள். இரண்டும் அப்படியே நின்றால், அடுத்த படியில் சரக்கின் எடையை ஏற்றலாம்.